எட்டடி தூரத்துக்கு 32 இன்ச்: ஃபுல் எச்டியா, எச்டி ரெடியா?

சோபாவிலிருந்து எட்டடி தூரத்தில் வைக்க 32 இன்ச் டிவி வாங்கினால், திரையில் புள்ளிகள் அதிகமுள்ள ஃபுல் எச்டியா, குறைவாக உள்ள எச்டி ரெடியா என்று கேட்டிருக்கிறீர்கள். 32 இன்ச்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் எச்டி ரெடியே போதும். ஃபுல் எச்டிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரியாது. கையில் இன்னும் கொஞ்சம் இருந்தால் 43 இன்ச் ஃபுல் எச்டிக்குப் போங்கள், திரை பெரிதாவதால் வித்தியாசம் நிச்சயம் தெரியும்.

கடையில் ஃபுல் எச்டி மட்டும் பளிச்சென்று இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக இரண்டடியில் நின்று பார்த்திருப்பீர்கள். எச்டி ரெடியில் பெரும்பாலும் 1366×768 புள்ளிகள், ஃபுல் எச்டியில் 1920×1080. 32 இன்ச் எச்டி ரெடியில் ஒரு புள்ளியின் அகலமே சுமார் அரை மில்லிமீட்டர்தான். எட்டடி தள்ளிப் போனால் சாதாரணக் கண்ணால் அதைப் பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, கடைகளில் பெரும்பாலும் நிறங்களைத் தூக்கலாகக் காட்டும் விவிட் மோடில்தான் ஓடவிடுவார்கள். புல்லெல்லாம் பெயின்ட் அடித்த மாதிரி இருக்கும்!

வாங்குமுன் இப்படிப் பாருங்கள்:

1. இரண்டு டிவியையும் ஸ்டாண்டர்ட் மோடுக்கு மாற்றச் சொல்லி, எட்டடி தள்ளி நின்று ஒரே சேனலைப் பாருங்கள். டெமோ வீடியோ வேண்டாம்.

2. வீட்டுச் சுவரில் 95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரத்துக்கு டேப் ஒட்டுங்கள். 43 இன்ச் திரை அவ்வளவுதான். 32 என்றால் 71க்கு 40.

ஒன்று மட்டும்: கணினியை இணைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து படிப்பதாக இருந்தால் 32 இன்ச்சிலும் ஃபுல் எச்டியே எடுங்கள். அப்புறம், செட்டாப் பாக்ஸ் எச்டி வராத பழைய எஸ்டி பெட்டி என்றால் எந்த டிவியிலும் படம் மங்கலாகத்தான் வரும். எச்டி பெட்டியும், அதை டிவியோடு இணைக்க எச்டிஎம்ஐ கேபிளும் வேண்டும்.