முழு ஆண்டுத் தேர்வு முடிந்த பிறகும் கடைசி வாரம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத்தான் வேண்டுமா?

தேர்வு முடிந்துவிட்டது, பாடம் நடத்துவதில்லை, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள் தினமும் சலிப்போடு வீடு திரும்புகிறாள், ஊருக்குப் போகப் பயணச்சீட்டும் எடுத்தாகிவிட்டது, ஆசிரியர்கள் பொழுதைக் கழிக்கத்தான் இந்த ஒரு வாரம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரி இல்லாமல் இருந்திருந்தால் படித்துவிட்டுக் கடந்து போயிருப்பேன். திருவண்ணாமலை மாவட்டத்தின் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில், இரண்டே ஆசிரியர்கள் கொண்ட ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் மகள் படிப்பது நகரத்துத் தனியார் பள்ளியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே நடப்பதைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த வாரம் பொழுதைக் கழிப்பதற்கானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

உங்கள் பக்கத்து நியாயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது வந்து எடுத்துக்காட்டுவார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் ஆறு முதல் எட்டு வரை 220 வேலை நாட்களும் வேண்டும் என்கிறது. கார்த்திகை மழையில் விட்ட விடுமுறைகளைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்தும் கணக்கு உதைக்கும் ஆண்டுகள் உண்டு. அப்போது ஏப்ரல் மாதத்துக் கடைசி நாட்கள் வருகைப் பதிவேட்டுக்காகவே இருப்பதுபோல் தோன்றும், சில பள்ளிகளில் உண்மையும் அதுதான். ஆசிரியர் ஒருபுறம் தேர்ச்சிப் பட்டியலையும் எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவுகளையும் முடித்துக்கொண்டிருக்க, பிள்ளைகள் மறுபுறம் கத்திக்கொண்டிருக்கும் வகுப்பறைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

முன்பெல்லாம் இந்த வாரத்துக்கு இருந்த கெடுபிடி வேறு. தேர்ச்சிப் பட்டியலைப் பலகையில் ஒட்டும் வரை பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வயிற்றைக் கலக்கும். 2010 ஏப்ரல் முதல் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்று ஆன பிறகு அந்தப் பயம் போயிற்று, பயத்தோடு அந்த வாரத்துக்கு இருந்த மதிப்பும் போயிற்று. ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் இங்கே ஓர் அறிவிப்பு வந்து, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது நினைவிருக்கும். ஒன்பது வயதிலும் பத்து வயதிலும் ஒரு பிள்ளைக்குத் தோல்வி முத்திரை குத்தித்தான் பள்ளிக்கு மரியாதை சேர்க்க வேண்டும் என்றால் அந்த மரியாதை வேண்டாம் என்பதே என் கருத்து. மாற்றுக் கருத்துடையவர்கள் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

பாடம் நடப்பதில்லை என்றீர்கள். புதிய பாடம் நடப்பதில்லை என்பது சரி. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் இரண்டு பருவத் தேர்வுகளின் விடைத்தாள்கள் பிள்ளையின் கைக்கு வரும், பெற்றோர் கையெழுத்துக்காக வீட்டுக்கும் வரும். ஆண்டின் கடைசித் தேர்வு விடைத்தாளோ திருத்தியதும் கட்டாகக் கட்டப்பட்டு அலமாரிக்குப் போய்விடுகிறது. ஓர் ஆண்டு முழுவதும் படித்தது எவ்வளவு நின்றது என்று காட்டும் ஒரே தாளை அதை எழுதிய பிள்ளை பார்ப்பதே இல்லை. எங்கள் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்களைக் கடைசி வாரத்தில்தான் கொடுத்து உட்கார வைப்போம். மதிப்பெண் கூட்டிப் பார்க்கும் அவசரம் அப்போது யாருக்கும் இருக்காது, ஏனென்றால் அதை வைத்து இனி எதுவும் ஆகப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

3004இலிருந்து 1268ஐக் கழிக்கச் சொன்னால் 2264 என்று எழுதும் பிள்ளைகள் எல்லா ஆண்டும் இருப்பார்கள். நாலில் எட்டுப் போகாது என்றதும் எட்டில் நாலைக் கழித்துவிடுவார்கள், நடுவில் பூஜ்யங்கள் வேறு நிற்பதால் யாரிடம் கடன் வாங்குவது என்ற குழப்பம். ஜனவரியில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது அடுத்த பாடம் காத்திருந்தது. ஏப்ரல் கடைசியில் எதுவும் காத்திருப்பதில்லை. விடையோடு 1268ஐக் கூட்டிப் பார், பழைய எண் வருகிறதா என்று கேட்டு விட்டுவிட்டால், நாலைந்து பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சண்டை போட்டாவது 1736க்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். தேர்வு முடிந்த பிறகுதான் கணக்கு கேட்க வருகிறார்கள் என்று என்னோடு பணியாற்றிய ஆசிரியை சிரிப்பார். தேர்வு இருக்கும் வரை தெரியவில்லை என்று சொல்லப் பிள்ளைகளுக்குக் கூச்சம்.

இதைவிட முக்கியமானது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்து எங்கே போகிறார்கள் என்பது. நகரத்தில் ஒரே வளாகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை இருக்கும். எங்கள் ஊர் போன்ற இடத்தில் ஐந்தாம் வகுப்போடு பள்ளி முடிந்துவிடும். தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆறாம் வகுப்பு உள்ள பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. அந்த இரண்டு கிலோமீட்டர் வித்தியாசத்தில் காணாமல் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பள்ளியில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் ஊரிலிருந்து குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போவார்கள். பொங்கல் ஒட்டி மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் போனால், மழை பிடிக்கும் வரை அங்கேதான். பள்ளிப் பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தேர்வு முடிந்ததும் பிள்ளையையும் அழைத்துக்கொள்வார்கள், தாய் கல் அறுக்கும்போது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டுமே. கொரோனாவுக்கு முந்தைய ஓர் ஏப்ரலில், தேர்வு முடிந்து பிள்ளைகள் படம் வரைந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், நான் யார் யார் எந்தப் பள்ளியில் சேரப் போகிறீர்கள் என்று கேட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சிறுமியின் முறை வந்தபோது அவள் தலை நிமிரவில்லை, பக்கத்திலிருந்தவள்தான் சொன்னாள்: "அவ ஆறாவது வரமாட்டா டீச்சர், சூளைக்குப் போறா." தேர்வு நாட்களில் அந்தப் பேச்சு என் காதுக்கு எட்டியிருக்கவே இருக்காது. வினாத்தாளும் மணியும் நேரக் கணக்குமாக ஓடும் நாட்களில் பிள்ளைகள் நம்மிடம் எதையும் சொல்வதில்லை.

மறுநாளே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளிக்கு அழைத்துப் போனோம். வெயில் ஏறுமுன் நடந்து போய், அங்கே ஆறாம் வகுப்பறையில் உட்கார்ந்து, கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பெண் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு (இதைச் சிறிய விஷயமாக நினைப்பவர்கள் பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள் அல்ல), அங்கேயே மதிய உணவும் சாப்பிட்டார்கள். அந்தப் பள்ளித் தலைமை ஆசிரியர் ஒவ்வொரு பெயரையும் எழுதிக்கொண்டார். மாலையில் அந்தச் சிறுமியின் பாட்டியைப் பார்க்கப் போனேன். "கைநாட்டு வெக்கிறவ நான், என்னெ கேட்டு என்னம்மா ஆவப் போவுது, அவ அப்பங்கிட்ட பேசு" என்றார். அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். முன்பணம் வாங்கியவருக்கு முழுச் சுதந்திரம் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல, ஆகவே மே மாதம் முழுவதும் அவள் அங்கே இருக்கட்டும், ஜூனில் பள்ளி திறந்ததும் பாட்டியிடம் அனுப்பிவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். சரி என்றார். பள்ளி திறந்து சில நாட்கள் தாமதமாகத்தான் வந்தாள். ஆனால் அவள் பெயர் அந்தப் பள்ளிக் குறிப்பேட்டில் முன்பே இருந்ததால், வரவில்லையே என்று தேட அங்கே ஓர் ஆள் இருந்தார். பத்தாம் வகுப்பு முடித்ததாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன், அதற்கு மேல் தொடர்பில்லை.

அதே ஆண்டு அதே வகுப்பில் ஒரு பையன் கடைசித் தேர்வு முடிந்த அன்று மாலையே வேனில் ஏறிப் போய்விட்டான். மாற்றுச் சான்றிதழ் வாங்க ஆள் வரவில்லை. ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு மறுபள்ளியில் சேராத பிள்ளையின் பெயர் எமிஸ் தளத்தில் காமன் பூல் என்ற பொதுப்பட்டியலில் கிடக்கும். அவன் பெயர் காலாண்டுத் தேர்வு வரைக்கும் அங்கேதான் கிடந்தது. பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கண்டறிய வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடக்கிறதே என்பீர்கள். நடக்கிறது, நானே போயிருக்கிறேன். சூளைக்குப் போன வீட்டில் பூட்டுத்தான் தொங்கும், பூட்டிடம் என்ன கணக்கெடுப்பது? பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கும் கடைசி நாட்கள் அவை. அதற்குப் பிறகு தேடிப் போக வேண்டும்.

சோறு பற்றியும் சொல்ல வேண்டும். பாடமில்லாத நாளில் பிள்ளைகள் சோற்றுக்குத்தானே வருகிறார்கள் என்று ஒருவர் என்னிடம் ஏளனமாகக் கேட்டதுண்டு. ஆம், சோற்றுக்குத்தான் வருகிறார்கள், அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் பிள்ளைகள் இல்லை. எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இன்று முட்டையும் சேர்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் காலை உணவும் வந்துவிட்டது. அதாவது கடைசி வேலை நாளோடு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு வேளை உணவு நின்றுபோகிறது, ஜூன் வரை. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. பசி விடுமுறை எடுப்பதில்லை என்பதை நீதிமன்றம் புரிந்துகொண்டிருக்கிறது. அரைநாள் பள்ளியாக இருந்தாலும் அந்த வாரத்தில் உணவு உண்டு என்ற ஒரே காரணத்துக்காக அதை நடத்தலாம் என்பேன், இதற்கு யார் என்ன சொன்னாலும் நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

வெயிலைக் காரணம் காட்டுபவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் பக்கத்தில் ஏப்ரல் கடைசியில் ஓடு வேய்ந்த வகுப்பறைக்குள் மதியம் உட்கார முடியாது. 2023இல் வெயிலால் தள்ளித் தள்ளி ஜூன் 12ஆம் தேதிதான் ஆறு முதல் பன்னிரண்டு வரை திறந்தார்கள். 2025இல் தொடக்க வகுப்புகளுக்குத் தேர்வையே முன்னதாக நடத்தி ஏப்ரல் 17ஆம் தேதி முடித்துவிட்டார்கள். பிள்ளைகளின் உடலுக்கு அது நல்லதுதான். ஆனால் தேர்வின் கடைசி நாளும் பள்ளியின் கடைசி நாளும் ஒன்றாகிவிட்டால், நான் மேலே சொன்ன எதற்கும் நேரமிருக்காது. தேர்வை மூன்று நாள் முன்னே இழுத்து, பத்து மணிக்குள் முடியும் காலைப் பள்ளியாக மூன்று நாளாவது வைக்கலாம். இதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

மே மாதச் சம்பளத்தைச் சும்மா வாங்குகிறீர்களே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாம்கள், தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி, இடையில் கணக்கெடுப்பு என்று எங்கள் கோடைகள் எப்படிப் போகின்றன என்று உங்கள் ஊர் ஆசிரியரிடமே கேட்டுப் பாருங்கள். மறுபுறம், சில தனியார் பள்ளிகள் இந்தக் கடைசி வாரத்தையும் விட்டுவைக்காமல், பதினொன்றாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடுகின்றன. கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று துறை அறிவிக்கத்தான் செய்கிறது. அந்தப் பெற்றோர் யாரும் அந்த வாரம் வீண் என்று சொல்லிக் கேட்டதில்லை.

உங்கள் மகளுக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பு என்கிறீர்கள், அடுத்த ஆண்டு பள்ளி மாறுகிறாளா என்று சொல்லவில்லை. மாறுகிறாள் என்றால், மாற்றுச் சான்றிதழில் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று ஊருக்குப் புறப்படும் முன் நேரில் போய்ப் பாருங்கள். இப்போது ஒரு விண்ணப்பத்தில் சரியாவது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அலைய வைக்கும். மாறவில்லை என்றால் வகுப்பாசிரியரிடம் அவள் விடைத்தாளைக் காட்டும்படி கேளுங்கள், மறுக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இந்த இரண்டுக்கும் ஒன்றிரண்டு நாள் போதும். பயணச்சீட்டை ரத்து செய்ய வேண்டியதில்லை. உடம்பு முடியாமல் இருந்தாலோ வெயில் கடுமையாக இருந்தாலோ அந்த நாளுக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள், அதனால் எந்தக் குறையும் வராது.