வாசகர் கேள்வி பதில்: நர்ஸ் பண்ற ஆராய்ச்சியால நோயாளிக்கு என்ன கெடைக்குது?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் ஃபைனல் இயர் படிக்கிறேன் மேடம். ரிசர்ச் ப்ராஜெக்ட் கட்டாயம்ங்கறாங்க. எங்க பேட்ச்ல பாதிப் பேர் ஏதோ ஒரு ஸ்கூலுக்குப் போய் கேள்வித்தாள் குடுத்து டிக் அடிக்க வச்சு வாங்கிட்டு வர்றோம், அவ்ளோதான். இதனால பேஷண்டுக்கு என்ன பிரயோஜனம்? – மாணவி, நாமக்கல்

பதில்: நீ கேட்டது ரொம்ப நியாயமான கேள்விம்மா. நம்ம காலேஜ் லைப்ரரிங்கள்ல பைண்ட் பண்ணி அடுக்கி வச்சிருக்கற ப்ராஜெக்ட்டுகளைப் பாத்தா நெறைய தலைப்பு ஒரே மாதிரிதான் இருக்கும், 'ஸ்ட்ரக்சர்ட் டீச்சிங் ப்ரோக்ராம்' குடுத்தா அறிவு கூடுதான்னு. முதல்ல ஒரு டெஸ்ட், கொஞ்ச நேரம் பாடம், அப்புறம் அதே டெஸ்ட், பாடம் நடத்திட்டு கேட்டா மார்க் கூடத்தானே செய்யும்? வார்டுல படுத்திருக்கறவங்களுக்கு அதனால ஒண்ணும் மாறலையேன்னு எனக்கு ரொம்ப நாளா ஆதங்கம்.

உண்மையான நர்சிங் ரிசர்ச் கட்டில் பக்கத்துலதான் ஆரம்பிக்கும். இங்கிலாந்துல டோரீன் நார்ட்டன்னு ஒரு நர்ஸ், வயசானவங்க வார்டுல படுக்கைப்புண் யாருக்கு வருது யாருக்கு வரலைன்னு கூட ரெண்டு பேரோட சேந்து உக்காந்து கவனிச்சு எழுதினாங்க, 1962ல அந்த ரிப்போர்ட் வெளிவந்துச்சு. உடம்பு நெலமை, மனசுத் தெளிவு, எழுந்து நடமாட்டம், படுக்கைல தானா பொரண்டு படுக்க முடியுதா, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்க முடியுதா, இந்த 5 விஷயத்துக்கும் 1லேர்ந்து 4 வரைக்கும் மார்க். மொத்தம் 20, அதுல 14 இல்ல அதுக்கும் கம்மியா வந்தா இவருக்குப் புண் வர வாய்ப்பு அதிகம், இப்பவே பொரட்டிப் படுக்க வைக்க ஆரம்பிங்கன்னு அர்த்தம். இதுக்கு எந்த மெஷினும் வேணாம், பேனாவும் பேப்பரும் போதும். புண்ணு வர்றதுக்கு முன்னாடியே ஆளைக் கண்டுபிடிக்கலாம்னு காட்டினது ஒரு நர்ஸோட கவனிப்புதான்.

உனக்கு ஒரு ப்ராஜெக்ட் சொல்லட்டுமா? உன் போஸ்டிங் வார்டுல வால் எலும்பு பக்கமும் குதிகாலும் தினம் பாரு. செவந்த எடத்தை விரலால அழுத்தி எடுத்தா வெளுத்துட்டு திரும்ப செவக்கணும், அழுத்தியும் வெளுக்காம செவப்பு அப்படியே நின்னா புண் ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அப்படி எத்தனை பேருக்கு இருக்கு, அவங்கள்ல எத்தனை பேரை ராத்திரில பொரட்டிப் படுக்க வச்சதா சார்ட்ல எழுதியிருக்குன்னு கணக்கெடு, கைடு மேடத்துக்கிட்டயும் ஆஸ்பத்திரிலயும் முறையா பர்மிஷன் வாங்கிட்டு. அங்க ஓட்டை போட்ட ரப்பர் ரிங் வச்சு உக்கார வச்சிருந்தா அதையும் குறிச்சுக்கோ, ரிங்கோட விளிம்பு சுத்தி அழுத்தி ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்ங்கறதால அது வேணாம்னுதான் இப்ப வழிகாட்டுதல், ஆனா இன்னும் வீட்டுக்கு வீடு வாங்கறாங்க.

கேள்வி: அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரில இருந்தோம். கைல வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏத்த நரம்புல குத்தி வைக்கற சின்னக் குழாய்) நல்லா ஓடிட்டிருக்கறப்பவே மூணு நாள் ஆச்சுன்னு கழட்டிட்டு வேற கைல குத்துனாங்க, நரம்பு கெடைக்காம ரொம்ப கஷ்டப்பட்டார். இது அவசியமா? – வாசகர், மன்னார்குடி

பதில்: இதே சந்தேகம் ஆஸ்திரேலியால கிளேர் ரிக்கார்ட்ங்கற நர்ஸ் பேராசிரியருக்கும் வந்துச்சு சார். குயின்ஸ்லாந்துல 3 ஆஸ்பத்திரில 3,283 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பிரிவுக்கு மூணு நாளைக்கு ஒரு தடவை மாத்தினாங்க, இன்னொண்ணுக்குப் பிரச்சினை வந்தா மட்டும். நரம்பு வீங்கறது ரெண்டுலயும் 7 சதவீதம்தான், வித்தியாசமே இல்ல, 2012ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல வந்துச்சு. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, வலி, செவப்பு, வீக்கம், கசிவு இருக்கான்னு ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் ஒருத்தர் பாத்துட்டே இருக்கணும். அதனால ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி விதி வேறயா இருக்கும், நீங்களா கழட்டாதீங்க, கழட்ட வேணாம்னு அடமும் பிடிக்காதீங்க. குத்துன எடம் வலிச்சாலோ, செவந்தாலோ, வீங்குனாலோ, கசிஞ்சாலோ உடனே சிஸ்டரைக் கூப்புடுங்க.

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டில மொத்த வார்டுக்கும் நான் ஒருத்திதான். கேட்டா 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சிஸ்டர்'ங்கறாங்க. ஆள் கம்மின்னா பேஷண்டுக்கு ஆபத்துன்னு எடுத்துச் சொல்ல ஆதாரம் ஏதாவது இருக்கா? – பெயர் வேண்டாம்

பதில்: இருக்கு சிஸ்டர், ரொம்ப பலமாவே இருக்கு. அமெரிக்கால லிண்டா ஐக்கன், அவங்களும் நர்ஸ்தான், பென்சில்வேனியால 168 ஆஸ்பத்திரி, 2 லட்சத்து 32 ஆயிரத்துக்கு மேல ஆபரேஷன் பேஷண்டுங்களோட விவரத்தை எடுத்துப் பாத்தாங்க. ஒரு நர்ஸுக்கு ஒரு பேஷண்ட் கூடுனா, 30 நாளைக்குள்ள சாவு நேர்ற வாய்ப்பு 7 சதவீதம் கூடுதுன்னு 2002ல வெளியிட்டாங்க. 2014ல ஐரோப்பால 9 நாட்டுல பாத்தப்பவும் அதே 7 சதவீதம்.

ஏன்னு உங்களுக்கே தெரியும். பேஷண்ட் மோசமாகறதுக்கு முன்னாடி பல தடவை முதல்ல மாறறது மூச்சு எண்ணிக்கைதான், அதை ஒரு நிமிஷம் முழுசா நின்னு நெஞ்சைப் பாத்து எண்ணணும். அத்தனை பெட்டுக்கு ஒருத்தரா நிக்கறப்ப அந்த ஒரு நிமிஷம் எங்க கெடைக்கும், சார்ட்ல எல்லாருக்கும் 20, 20ன்னு போயிடுது, விடிகாலைல ஒருத்தர் 30 மூச்சு வாங்கிட்டிருந்தாலும் யாருக்கும் தெரியாது. இது நர்ஸோட சோம்பேறித்தனம்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம்தான் வரும். கலிஃபோர்னியால 1999லயே சட்டம் போட்டு 2004லேர்ந்து நடைமுறைக்குக் கொண்டு வந்தாங்க, ஐசியூல ஒரு நர்ஸுக்கு 2 பேர், சாதாரண வார்டுல இப்ப 5 பேருக்கு மேல குடுக்கக்கூடாது.

நீங்க இப்ப செய்ய முடிஞ்சது, ஒரு மாசத்துக்கு ஒவ்வொரு நைட்டும் எத்தனை பேஷண்ட், எத்தனை ஸ்டாஃப், என்ன வேலை விட்டுப்போச்சு (பொரட்டிப் படுக்க வைக்கறது, வைட்டல்ஸ்ங்கற நாடி, பிபி, மூச்சு, காய்ச்சல் பாக்கறது, நேரத்துக்கு மருந்து) இதை மட்டும் எழுதுங்க, பேஷண்ட் பேர் எதுவும் வேணாம். மத்த சிஸ்டர்களும் எழுதட்டும். ஒருத்தி பேர்ல குடுத்தா அந்த ஒருத்திதான் கஷ்டப்படணும், அதனால எல்லாரும் கையெழுத்து போட்டு, ஐக்கன் ஆய்வோட முதல் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சு, நர்சிங் சூப்பிரண்டு மூலமா குடுங்க, ஒரு காப்பில தேதி போட்டு ரிசீவ்டுனு வாங்கிக்கோங்க.