மூளையின் கையிருப்பு: மூத்தவர்களின் நினைவாற்றல் பற்றிச் சில கேள்விகள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர்: டாக்டர், சிலர் 85 வயதிலும் தெளிவாக இருக்கிறார்கள். அவர்கள் மூளைக்கு வயதாகவில்லையா?

வயதாகிறது. 1988ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மேன் குழுவினர் முதியோர் இல்லங்களில் இறந்தவர்களின் மூளையைச் சோதித்தார்கள். சிலருக்கு அல்சைமர் என்ற மறதி நோயின் தடயங்கள் நிறைய இருந்தன, ஆனால் உயிரோடு இருந்தவரை அவர்களிடம் தடுமாற்றமே தெரியவில்லை. யாகோவ் ஸ்டெர்ன் போன்ற ஆய்வாளர்கள் இதை மூளையின் கையிருப்பு என்று விளக்கினார்கள். மார்த்தாண்டத்தில் நெரிசல் என்றால் திங்கள்நகர், கருங்கல் பக்கமாகச் சுற்றிப் போய்விடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. படிப்பு, வேலை, மனிதப் பழக்கம் எல்லாம் சேர்ந்து அந்த மாற்று வழிகளைப் போட்டு வைக்கின்றன. நோய் வராது என்று இதற்கு அர்த்தமில்லை, வெளியே தெரிவது தள்ளிப்போகும்.

களியக்காவிளை, வயது 78: வீட்டில் தமிழ். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேருமுன் பள்ளியில் போட்டது மலையாளத்தில். இன்றும் இரண்டு பத்திரிகையும் படிக்கிறேன். பலன் உண்டா அண்ணாச்சி?

எனக்குப் பிடித்த கேள்வி. ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் சுமார் நான்கரை ஆண்டு பிந்தித்தான் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. ஆரோக்கியமானவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த சில ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் விளவங்கோடு பக்கத்து மூத்தவர்கள் சந்தையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று மாறி மாறிப் பேசுவது மூளைக்கு நல்ல வேலைதான். பத்திரிகை இரண்டையும் விடாதீர்கள்.

தோவாளை: அம்மை எழுத்தறியாதவள், நாற்பது வருடம் பூ வியாபாரம். நினைவுப் பரிசோதனையில் மதிப்பெண் குறைவு. பயப்படணுமா?

மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். வாசி, எழுது, படம் வரை என்று கேட்கும் சோதனையில் பேனாவே பிடிக்காதவர் தடுமாறத்தான் செய்வார். மணிக்கு மணி மாறும் விலை, யாருக்கு எவ்வளவு கடன் என்பதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்தவருக்குக் கையிருப்பு இல்லை என்று யார் சொன்னது? அந்தக் கணக்கில் இப்போது தப்பு வருகிறதா, அதைப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று தனிச் சோதனைகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

நாகர்கோவில்: போனில் மூளைப் பயிற்சி விளையாட்டுக்குப் பணம் கட்டலாமா?

நான் கட்ட மாட்டேன். அமெரிக்காவில் 2,832 பேரை வைத்து நடத்தி 2002ல் முடிவு சொன்ன பெரிய ஆய்வில், எதில் பயிற்சி எடுத்தார்களோ அதில்தான் முன்னேறினார்கள், மற்றதற்கு அது பெரிதாகப் பரவவில்லை. அந்தப் பணத்துக்குத் தெரியாத ஒன்றைப் பழகுங்கள், ஆட்களோடு சேர்ந்து. வில்லுப்பாட்டில் குடம் அடிக்கக்கூடப் பழகலாம்.

குளச்சல்: அப்பாவுக்குக் காது மந்தம். கருவி வேண்டாம் என்கிறார்.

எப்படியாவது சம்மதிக்க வையுங்கள். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் மறதி நோய்க்குப் பட்டியலிட்ட, நம்மால் மாற்ற முடிந்த 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று. காது கேட்காதவர் மெல்ல மெல்லப் பேச்சை விட்டு ஒதுங்கிவிடுகிறார். பிரஷர், சுகர், கண் பார்வை இவையும் அதே பட்டியலில் இருக்கின்றன.

தக்கலை: அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நினைவுச் சோதனையில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண். ஆனால் கட்டிய கரண்ட் பில்லை மறுபடி கட்டப் போகிறார். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்.

இதை லேசாக விடாதீர்கள். கையிருப்பு அதிகம் உள்ளவர் எளிய சோதனையைச் சமாளித்துவிடுவார். நோய் வெளியே தெரியும்போது உள்ளே நிறைய ஆகியிருக்கும், அதன் பிறகு சரிவும் வேகமாக இருக்கும் என்றே பல ஆய்வுகள் சொல்கின்றன. பெயர் உடனே வராமல் அப்புறம் ஞாபகம் வந்தால் அது வயதுக்கு உள்ளதுதான். செய்ததே நினைவில்லை என்றால் அப்படி விட முடியாது. நரம்பியல் மருத்துவரிடம் விரிவான சோதனை கேளுங்கள். ரத்தத்தில் வைட்டமின் பி12, தைராய்டு பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வும் தூக்க மாத்திரையும்கூட இப்படிக் காட்டும், அவை சரிசெய்யக்கூடியவை. போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், இரண்டு வருடம் முன்பு அப்பா எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது என்ற குறிப்பையும் எடுத்துப் போங்கள். கூடவே வீட்டில் இருக்கும் ஒருவரும் போக வேண்டும்.