முதலில் அறுகு, பிறகு பவிலியன்

வாசகர் கேள்வி பதில். இம்மாதம் பதில் தருபவர், கிளிநொச்சி மாவட்டத்தில் நீண்ட காலம் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற உதைபந்தாட்ட மத்தியஸ்தர்.

சேர், எங்கள் மைதானத்துக்குப் பவிலியன் ஒன்று கட்ட முயற்சி நடக்கிறது. அது முடிந்தால் வன்னியில் ஒரு சர்வதேச உதைபந்தாட்டப் போட்டி வைக்கலாம் என்று கழகத்துப் பெடியள் சொல்கிறார்கள். நடக்கிற காரியமா?
— கழகச் செயலாளர், தருமபுரம்

நடக்கும் தம்பி. ஆனால் பவிலியனில் தொடங்கினால் நடக்காது. வருகிற அணி முதலில் பார்ப்பது தரையைத்தான். அவர்களுடைய பயிற்சியாளர் சப்பாத்துக் குதியால் மண்ணை அமத்திப் பார்ப்பார். குனிந்து புல்லைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். புல் வேரோடு கையில் வந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

ஒரு நாடாவை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். சர்வதேசப் போட்டிக்கு நீளம் 100 முதல் 110 மீற்றர், அகலம் 64 முதல் 75 மீற்றர் என்பது சட்டம். வழக்கத்தில் எல்லாரும் போடுவது 105க்கு 68. நான் விசில் ஊதிய வன்னி மைதானங்களில் பல, நீளத்தில் தப்பி அகலத்தில் மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் பாடசாலை மதில், மறுபக்கம் றோட்டு. ஓடி வருகிற பிள்ளை கோட்டைத் தாண்டித்தான் நிற்பான், அதற்கும் இடம் விட வேண்டும். அடுத்தது, நடுவில் கிரிக்கெட்டுக்குப் போட்ட சீமெந்துத் தரை இருக்கிறதா? இருந்தால் அதைக் கிளப்பி எடுங்கள். மண் தூவி மூடக் கூடாது. அப்படி மூடிய ஒரு மைதானத்தில் நான் மத்தியஸ்தம் செய்தேன். இடைவேளைக்கு முன்பே மண் விலகிவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் முழங்கால் அடிபட விழுந்தான். அவன் பிறகு பந்தைத் தொடவேயில்லை. அன்றைக்கு ஆட்டத்தைத் தொடங்க நான் சம்மதித்திருக்கக் கூடாது. இன்றுவரை அது என் மனத்தில் கிடக்கிறது.

இனிப் புல். வெப்ப நாடுகளின் பெரிய விளையாட்டரங்குகளில் பெர்மியூடா புல் என்று விலை கொடுத்து வாங்கிப் போடுகிறார்களே, அது எங்கள் அறுகுதான். பிள்ளையாருக்கு வைக்கிற அதே அறுகின் இனம். மிதிபட மிதிபடப் படரும், வெயில் தாங்கும். 25, 30 மில்லிமீற்றர் உயரத்தில் ஒழுங்காக வெட்டி வந்தால் பாய் விரித்ததுபோல் நிற்கும். நிழலும் தேங்கின தண்ணீரும்தான் அதற்கு ஆகாது. எங்கள் கிரவல் தரையில் நேரே நட்டால் வேர் இறங்காது. கிரவலை வழித்து, மணல் கலந்த மேல்மண் போட்டு, நடுப்பகுதி சற்று உயர்ந்து இரண்டு ஓரத்துக்கும் நீர் வடியும்படி மட்டம் பார்க்க வேண்டும். மாரியை நம்பிச் செய்கிற காலபோக நெல் விதைப்பு முடிந்த கையோடு அறுகங்கொடியை ஒரு அடிக்கு ஒன்றாக நட்டுவிட்டால், பாதி வேலையை மாரி மழை பார்த்துக்கொள்ளும்.

மழை நின்ற பிறகுதான் கஷ்டம். கணக்குப் பாருங்கள். 105ஐ 68ஆல் பெருக்கினால் 7,140 சதுர மீற்றர். ஒரு தடவைக்கு 5 மில்லிமீற்றர் அளவு தண்ணீர் விடுவதென்றால் 35,700 லீற்றர் வேண்டும். 6,000 லீற்றர் பவுசர் ஆறு தரம் வர வேண்டும். எந்தச் சபையும் உங்களுக்கு மாதக்கணக்கில் பவுசர் அனுப்பாது. ஆகவே பவிலியன் காசில் முதலில் கிணறும் மோட்டரும் குழாயும் போடுங்கள். பிறகு சுற்றுவேலி. ஒரே இரவில் கட்டாக்காலி மாடுகள் புகுந்தால் மூன்று மாதப் பாடு போய்விடும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இதெல்லாம் பெரிய நகரத்துக்குத்தான் சரிவரும் என்று யாராவது சொன்னால் பரோ தீவுகளின் கதையைச் சொல்லுங்கள். 1990 செப்டெம்பரில் அந்தச் சின்னத் தீவுகளின் அணி தன் முதல் ஐரோப்பியத் தகுதிகாண் ஆட்டத்தில் ஒஸ்ரியாவை 1-0 என்று வென்றது. உலகமே வாய் பிளந்தது. ஆனால் அந்த வெற்றியைச் சொந்த மண்ணில் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. சர்வதேசப் போட்டிக்கு ஏற்ற ஒரு புல் மைதானம்கூட நாட்டில் இல்லாததால் ஆட்டம் சுவீடனில் நடந்தது. பிறகு தொஃப்திர் என்ற ஊரில், பாறைச் சரிவில் அமைந்த மைதானத்தில் புல் வளர்த்தார்கள். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. பெல்ஜியம், ருமேனியா எல்லாம் அங்கே போய் ஆடின. எங்கள் தருமபுரத்தைவிடச் சின்ன ஊர், தம்பி.

அனுமதி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மாவட்ட லீக் நேரே ஒரு நாட்டுக்குக் கடிதம் எழுதி அழைக்க முடியாது. இரண்டு நாட்டுச் சம்மேளனங்களும் உடன்பட்டு, பீபாவுக்கும் தெரியப்படுத்த வேண்டும். தேசிய அணிகள் மோதினால் மத்தியஸ்தர் பொதுவாக மூன்றாவது நாட்டவராக இருப்பார். நீங்கள் தரையைத் தயார் செய்து, படமும் அளவும் வைத்து, லீக் ஊடாகச் சம்மேளனத்துக்கு எழுதுங்கள். தேசிய அணியை உடனே கேட்காமல், 17 அல்லது 19 வயதுக்குட்பட்டோரின் நட்புப் போட்டி ஒன்றை முதலில் கேளுங்கள் என்பது என் எண்ணம். சின்னப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டத்தில் எங்கள் குறைகளும் தெரியும், திருத்தவும் நாள் கிடைக்கும்.

யாழ்ப்பாணத்தில் துரையப்பா விளையாட்டரங்கு இருக்கும்போது வன்னியில் எதற்கு இன்னொன்று?
— வாசகர், நெடுங்கேணி

துரையப்பா அரங்கை 2016இல் இந்திய உதவியோடு புதுப்பித்தார்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் நெடுங்கேணிப் பிள்ளை அங்கே போய் ஒரு ஆட்டம் பார்த்துவிட்டு இரவு எத்தனை மணிக்கு வீடு சேரும்? நீங்களே சொல்லுங்கள், ஐயா.

வெளிநாட்டு அணி ஒன்று கொழும்பை விட்டு இவ்வளவு தூரம் வருமா? வந்தாலும் எங்கே தங்கும்?
— ஓய்வுபெற்ற தபால் உத்தியோகத்தர், வவுனியா

வருவார்கள் ஐயா. 2002 ஜூன் 30ஆம் திகதி பிரேசிலும் ஜேர்மனியும் உலகக் கிண்ண இறுதியாட்டம் ஆடின. அதே நாளில் பூட்டானின் திம்புவில் இன்னொரு ஆட்டம் நடந்தது. பீபா தரவரிசையில் கடைசிக்கு முதல் இடத்தில் இருந்த பூட்டானும், கடைசியில் இருந்த மொன்செராட்டும். மொன்செராட் எரிமலையால் தன் நிலத்தில் பாதியை இழந்த சின்னத் தீவு. கரிபியனில் இருந்து விமானம் மாறி மாறி நாள்கணக்கில் பயணம் செய்து, இரண்டாயிரம் மீற்றருக்கு மேல் மலையில் இருக்கிற அந்தச் சின்னத் தலைநகருக்கு வந்து சேர்ந்தார்கள். மத்தியஸ்தம் செய்ய இங்கிலாந்தில் இருந்து ஸ்டீவ் பென்னட் போனார். பூட்டான் 4-0 என்று வென்றது. அதே பூட்டான் 2015 மார்ச்சில் கொழும்பில் எங்களை 1-0 என்றும், திம்புவில் 2-1 என்றும் தோற்கடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் தங்கள் ஊரில் ஒரு மைதானத்தை உயிரோடு வைத்திருந்தார்கள்.

தூரத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 2013இல் கிளிநொச்சிக்கு ரெயில் திரும்பி வந்தது. ஏ9 வீதி நல்லாக இருக்கிறது. பலாலியில் 2019 முதல் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது. கிளிநொச்சியில் ஒரு அணிக்கு வேண்டிய அறைகள் கிடைக்காவிட்டால் யாழ்ப்பாணத்தில் தங்கவைத்து, ஆட்டத்தன்று பஸ்ஸில் கூட்டி வரலாம். அறுபது, அறுபத்தைந்து கிலோமீற்றர்தான்.

எந்த மாதத்தில் வைப்பது நல்லது?
— வாசகர், முழங்காவில்

மார்ச். சர்வதேச ஆட்டங்களுக்கு பீபா ஒதுக்கும் நாட்களில் அந்த மாதமும் உண்டு. மாரி ஓய்ந்திருக்கும், இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருக்கும், புல் பச்சையாக நிற்கும். ஜூனில் வைத்தால் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று உயரப் போகிற பந்தை எல்லாம் பிடுங்கிக்கொண்டு போகும், செம்புழுதி கண்ணை மறைக்கும்.

மின்விளக்குக் கோபுரமும் தேவையில்லை. பிற்பகல் 3.45க்குத் தொடங்கினால் இடைவேளையோடு 5.40 அளவில் முடிந்துவிடும், பொழுது சாய்வதற்கு அரைமணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஆனால் மார்ச்சில் சூரியன் நேர் மேற்கில் விழும். கோல் கம்பங்கள் கிழக்கும் மேற்குமாக நின்றால் ஒரு பந்துக்காப்பாளருக்குக் கண்ணே தெரியாது. கம்பங்கள் வடக்குத் தெற்காக இருக்க வேண்டும். மைதானம் வெட்ட முன்பே இதைப் பாருங்கள், பிறகு திருப்ப முடியாது. வெக்கை கடுமையென்றால் தண்ணீர் குடிக்க ஆட்டத்தை இடையில் நிறுத்தவும் ஏற்பாடு இருக்கிறது. அம்புலன்ஸ் ஒன்று வாசல் பக்கம் வழிவிட்டு நிற்க வேண்டும். அந்த இடத்தில் கச்சான் வண்டிகளை விடாதீர்கள்.

வன்னி வன்னி என்று எழுதுகிறீர்கள், மன்னாரை மறந்துவிட்டீர்களே?
— வாசகி, பள்ளிமுனை

மறப்பேனா தங்கச்சி? உங்கள் மன்னார்ப் பிள்ளை டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணியின் சட்டை போட்டு ஆடியபோது இங்கே எத்தனை வீட்டில் கை தட்டினார்கள் தெரியுமா? 2022இல் அவர் மாலைதீவில் இறந்த செய்தி வந்த அன்று எங்கள் பழைய விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் என் வீட்டு முற்றத்தில் வந்து இருந்தார்கள். வன்னியில் ஒரு சர்வதேச ஆட்டம் வந்தால், அது மன்னாருக்கு வந்தாலும் எனக்குச் சம்மதம்தான். தரை எங்கே முதலில் தயாராகிறதோ அங்கே நடக்கட்டும்.

நான் உயர்தர மாணவி, பாடசாலை அணியில் ஆடுகிறேன். இப்படிப் போட்டி வந்தால் எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது, சேர்?
— மாணவி, பாண்டியன்குளம்

பிள்ளை, உன் கடிதத்தைத்தான் இரண்டு தரம் வாசித்தேன். முன்பொருநாள் வேறு மாவட்டத்தில் இருந்து பெண் பிள்ளைகளின் அணி ஒன்று இங்கே ஆட வந்தது. உடை மாற்ற அறை இல்லை. இருந்த ஒரு கழிவறையும் பூட்டிக் கிடந்தது, திறப்பு யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் பஸ்ஸின் யன்னல்களுக்குத் துவாய் கட்டிவிட்டு உள்ளே இருந்து மாற்றினார்கள். நான் வெளியே வெயிலில் நின்றேன். எனக்கு அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சர்வதேசப் போட்டி என்றால் இரண்டு அணிகளுக்கும் உடைமாற்றும் அறை, மத்தியஸ்தர்களுக்குத் தனி அறை, தண்ணீர் வருகிற கழிவறை எல்லாம் இருந்தே ஆக வேண்டும். அவை ஒருமுறை கட்டப்பட்டால் அடுத்த கிழமை உன் பாடசாலை அணிக்கும் திறந்திருக்க வேண்டும். திறப்பைப் பூட்டி வைக்க விடாதே, கேள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2010இல் நாங்கள் ஊர் திரும்பியபோது, மைதானப் பக்கம் எல்லாம் மிதிவெடி என்று மண்டையோடு வரைந்த பலகைகள் நின்றன. அவற்றை அகற்றும்வரை பிள்ளைகள் றோட்டில்தான் பந்தடித்தார்கள். பலகைகள் போனபிறகு நான் அடுப்புச் சாம்பலால் கோடு போட்டேன். இப்போது சுண்ணாம்பு கிடைக்கிறது, போடத் தெரிந்த ஆட்கள்தான் இல்லை. தண்டனை உதைப் புள்ளி கோல் கோட்டில் இருந்து 11 மீற்றர், நடு வட்டத்தின் ஆரை 9.15 மீற்றர், கோட்டின் அகலம் 12 சென்ரிமீற்றருக்கு மேல் போகக் கூடாது. நீயும் உன் தோழிகளும் இதைப் பழகினால், அந்த ஆட்டத்துக்குக் கோடு போடுகிறவர்கள் நீங்களாகவே இருக்கலாம். மத்தியஸ்தர் பரீட்சைக்கும் அதுதான் முதல் பாடம். உன் விளையாட்டு ரீச்சரிடம் கேட்டு ஒரு சனிக்கிழமையைச் சொல். நாடாவும் கயிறும் நான் கொண்டு வருகிறேன்.