ஈரப்பூவுக்கு எவ்வளவு கழிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா தோவாளைச் சந்தையில் பூக் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடுமுறை நாட்களில் நானும் கடைக்குப் போய்க் கணக்கு எழுதுவேன். மழைக்காலத்தில் பூ நனைந்து வந்தால் எடையில் கொஞ்சம் கழித்துவிட்டுத்தான் அப்பா சிட்டை போடுவார். எவ்வளவு கழிப்பது நியாயம் என்று ஒருநாள் கேட்டேன். “வழக்கம் இதுதான் மக்களே” என்றார். வகுப்பில் கேட்டேன். பாடத்திட்டத்தில் இல்லாததைக் கேட்காதே என்றார்கள்.

அதன்பிறகு நூலகத்தில் தத்துவ நூல்களைத் தேட ஆரம்பித்தேன். பாதி புரியவில்லை, விடவும் முடியவில்லை. பி.பி.ஏ.வை நிறுத்திவிட்டுத் தத்துவம் சேரலாமா? இரண்டையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா? “தத்துவம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு எதற்கு?” என்கிறார் மாமா.

ஆர்., தோவாளை

அன்புள்ள ஆர்.,

பி.பி.ஏ.வை நிறுத்த வேண்டாம். தராசுக்குப் பக்கத்தில் நின்றபோது உங்களுக்கு வந்த கேள்வி இது. கடையையும் கணக்கையும் விட்டு விலகினால் அதன் உயிர் போய்விடும். அதே நேரம், வணிகப் படிப்பு மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. இரண்டும் உங்களுக்கு வேண்டும்.

முதலில் அந்தக் கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். ஒரு கிலோ ஈரப் பிச்சியில் தண்ணீர் எவ்வளவு? இதைத் தெரிந்துகொள்ளத் தத்துவம் தேவையில்லை. பூவைத் துணியில் பரப்பி நீர் வடியவிட்டு மறுபடி நிறுத்தால் தெரிந்துவிடும். சில நாட்கள் இப்படி எழுதி வைத்தால் ஒரு சராசரி கிடைக்கும். அதை எப்படிக் கணக்கிடுவது என்று உங்கள் புள்ளியியல் தாளே சொல்லிக் கொடுத்திருக்கும்.

ஆனால் அத்துடன் விஷயம் முடியவில்லை. நனைந்த பூ சீக்கிரம் அழுகும். திருவனந்தபுரம் போய்ச் சேருவதற்குள் ஒரு பங்கு வீணாகலாம். அந்த நஷ்டம் யாருடையது? பறித்தவருடையதா, விற்றுக்கொடுத்தவருடையதா, வாங்கிப்போனவருடையதா? எந்தத் தராசும் இதற்கு விடை தராது. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் 1971இல் ஒரு வழி சொன்னார். நமக்கு எந்த இடம் வாய்க்கும் என்று தெரியாத நிலையில் நின்று விதியை வகுக்கவேண்டும் என்பது அது. அவர் ஒரு சமூகத்தின் அடிப்படை அமைப்பைப் பற்றிப் பேசினார். அதைக் கடைக்குக் கொண்டுவருவது என் துணிச்சல். நாளை நீங்கள் கமிஷன்காரரின் மகளாக இருப்பீர்களா, செண்பகராமன்புதூரில் பூ பறிப்பவரின் மகளாக இருப்பீர்களா என்று தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எவ்வளவு கழிவுக்குச் சம்மதிப்பீர்கள்?

அப்பா சொன்ன ‘வழக்கம்’ என்ற பதிலையும் எளிதாகத் தள்ளிவிடாதீர்கள். மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி ஒருவன் வருகிறான். ஒன்றை நாம் எப்படி அறிகிறோம் என்பதற்குப் பத்து வழிகளைச் சொல்கிறான். கண்ணால் காண்பதும் காரணம் கொண்டு ஊகிப்பதும் அவற்றில் அடக்கம். வழிவழியாகச் சொல்லப்படுவதை ஏற்றுக்கொள்ளும் ஐதிகமும் அந்தப் பத்தில் ஒன்று. இந்த மரத்தில் பேய் உண்டு என்று உலகம் சொல்வதை நம்புவதுதான் அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு. வழக்கம் ஓர் ஆதாரம்தான், ஆனால் எந்த அளவுக்கு உறுதியான ஆதாரம் என்பதை அந்த எடுத்துக்காட்டே காட்டிவிடுகிறது. இதை எழுதிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்கிறது மரபு, அதாவது தானிய வியாபாரி. தமிழில் தத்துவ விவாதங்களை இத்தனை விரிவாகச் சொன்ன பழைய காப்பியம் ஒரு வணிகரிடமிருந்து வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும்.

ஜெர்மன் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட்டை நூலகத்தில் புரட்டியிருப்பீர்கள். 1785இல் வெளிவந்த அறவியல் நூலில் அவர் ஒரு கடைக்காரரைக் கொண்டுவருகிறார். விவரம் தெரியாதவரிடம் அவர் கூடுதல் விலை சொல்வதில்லை. சின்னக் குழந்தை வந்தாலும் அதே விலைதான். நல்ல மனிதர் என்போம். கான்ட் அங்கே நிறுத்தவில்லை. அப்படி இருந்தால்தான் வியாபாரம் நிலைக்கும் என்பதற்காகவும் ஒருவர் நேர்மையாக இருக்கலாமே என்கிறார். உங்கள் மேலாண்மைப் பாடம் நேர்மையைச் சொல்லிக்கொடுப்பது பெரும்பாலும் இந்தக் காரணத்தைக் காட்டித்தான்: வாடிக்கையாளர் நம்புவார், பெயர் நிலைக்கும், லாபம் பெருகும். எங்கிருந்தோ ஒரே ஒரு தடவை பூ கொண்டுவந்து, இனி வரவே போகாத விவசாயியிடம் அந்தக் காரணம் எதுவும் செல்லாது. அவருக்கு எவ்வளவு கழிப்பது என்ற இடத்தில்தான் அறம் தொடங்குகிறது. நீங்கள் கேட்டது இதைத்தான்.

கான்ட்டின் நெருங்கிய நண்பர் ஜோசப் கிரீன் என்ற ஆங்கிலேய வணிகர் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ‘தூய பகுத்தறிவின் விமர்சனம்’ என்ற தன் பெரிய நூலின் ஒரு வாக்கியத்தைக்கூட கிரீனிடம் பேசிப் பார்க்காமல் எழுதவில்லை என்று கான்ட் சொன்னதாக அவருடைய மாணவர் எழுதியிருக்கிறார்.

மாமாவுக்கு ஒரு செய்தி. உங்கள் பட்டச் சான்றிதழில் அச்சாகப்போகும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிற சுந்தரனார், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். நீராருங் கடலுடுத்த என்று நாம் பாடுவது அவருடைய வரிகளைத்தான். நம் ஊருக்கு அந்நியமான படிப்பு இல்லை இது.

தத்துவம் படித்தால் பெரிய நிறுவனங்களில் வேலை கிடைக்கும் என்று இப்போது சிலர் பிரசாரம் செய்கிறார்கள். கிடைத்தால் நல்லது. அதை நம்பி இதில் இறங்காதீர்கள் என்பேன். முதல் கடினமான நூலிலேயே சலித்துப்போவீர்கள். வணிக அறம் என்று ஒரு தாள் எழுதித் தேர்ச்சி பெறுவதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். நிறுவனச் சட்டம் 2013இன் 135ஆம் பிரிவின்படி, சட்டம் சொல்லும் வரம்பை எட்டிய பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று அந்தத் தாளில் மனப்பாடம் செய்வீர்கள். அது கடமையா தானமா, லாபம் சம்பாதித்த விதத்துக்கு இந்த 2 சதவீதம் பதிலாகுமா என்றெல்லாம் கேட்கும் பயிற்சியைத் தத்துவத்தை அதன் முறைப்படி படித்தால்தான் பெறமுடியும்.

இனி வழி. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் இரண்டு பட்டப் படிப்புகளை ஒரே நேரத்தில் படிக்க அனுமதித்தது. ஒன்றைக் கல்லூரியிலும் மற்றொன்றைத் தொலைநிலையிலும் படிக்கலாம். இரண்டும் நேரடி வகுப்பானால் நேரம் மோதக்கூடாது. நடைமுறை விதிகளைப் பல்கலைக்கழகங்களே வகுக்கவேண்டும் என்பதால் உங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு பிறகு பணம் கட்டுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போது இரண்டாவது பட்டத்துக்கு அவசரப்படமாட்டேன். பி.பி.ஏ.வை நன்றாக முடித்துவிட்டு இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. தத்துவம் சேர்வேன். எந்த இளங்கலைப் பட்டம் பெற்றவரும் அதில் சேரலாம். அதன் பாடநூல்கள் இ-ஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தர்க்கவியலில் தொடங்குங்கள், வரலாற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இருப்பதால் மெதுவாகத்தான் நகரும். நாளுக்கு இரண்டு பக்கம் போதும். ஓணம் வாரத்தில் அதுகூட முடியாது என்று எனக்குத் தெரியும், அந்த வாரம் கடையைப் பாருங்கள். எடை போட்ட கணக்கு ஒரு மழைக்காலத்துக்குச் சேர்ந்ததும் அப்பாவிடம் காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.