மகள் செலிபிரன்ட் ஆகப் போகிறாளாம்: சிட்னித் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் மின்னஞ்சலில் கேள்விகள் பல. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான். பட்டம் முடித்து, முதியோர் பராமரிப்பு நிலையத்தில் நிரந்தர வேலையும் பார்க்கிற பிள்ளை, திடீரென்று செலிபிரன்ட் ஆகி, அதாவது சடங்குகளை முன்நின்று நடத்துகிறவராகி, ஊரார் கலியாணத்தையும் செத்தவீட்டையும் நடத்தி வைக்கப் போகிறேன் என்கிறாள். அது ஒரு தொழிலா என்கிறீர்கள். தொழில்தான். ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு அதை மட்டும் நம்பி வீட்டுக் கடன் எடுக்க முடியாது. அவள் படிக்கட்டும், இப்போதைய வேலையை மட்டும் விட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை இனி விளக்குகிறேன்.

செலிபிரன்ட் என்றதும் நம்மவர் பலருக்கு நினைவுக்கு வருபவர், மண்டபத்தில் ஐயர் தாலி கட்டு முடித்த பிறகு ஓரமாக மேசை போட்டு எழுத்துக்கு, அதாவது திருமணப் பதிவுக்கு, கையொப்பம் வாங்குகிறவர். ஆஸ்திரேலியச் சமூகத்தில் அவருடைய இடம் அதைவிடப் பெரியது. 1973 வரை இங்கே திருமணம் செய்ய ஒன்று தேவாலயத்துக்குப் போக வேண்டும், இல்லையேல் பதிவு அலுவலகத்தில் அரசாங்க மேசைக்கு முன் நிற்க வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில், அப்போது சட்டமா அதிபராக இருந்த லயனல் மர்ஃபி, குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்த லோயிஸ் டார்சி என்ற இளம்பெண்ணை முதலாவது குடிசார் (மதம் சாராத) செலிபிரன்டாக நியமித்தார். மர்ஃபியின் கட்சிக்குள்ளேயே இதற்குப் பெரிய ஆதரவு இருக்கவில்லை. இன்று நாட்டில் நடக்கும் பத்துத் திருமணங்களில் எட்டுக்கு மேல் மதகுருமார் இல்லாமல் குடிசார் முறையில்தான் நடக்கின்றன.

இதைக் கேட்டு உங்கள் மகள் உற்சாகப்படுவாள். அடுத்த கணக்கையும் அவளிடம் காட்டுங்கள். 2003 செப்டம்பருக்கு முன், ஒரு பகுதிக்குத் தேவை இருந்தால்தான் அங்கே புதிய செலிபிரன்ட் நியமிக்கப்படுவார். பின்னர் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். தகுதி உள்ள யாரும் விண்ணப்பிக்கலாம் என்றானதும் எண்ணிக்கை மளமளவென்று ஏறி, இப்போது பத்தாயிரத்தை ஒட்டி நிற்கிறது. 2023இல் ஆஸ்திரேலியாவில் நடந்த திருமணங்கள் சுமார் 1,18,000. குடிசார் திருமணங்களை மட்டும் எடுத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைத்தாலும் ஆளுக்கு ஆண்டில் பத்தைத் தாண்டாது. உண்மையில் சமமாகப் போவதும் இல்லை. பெயர் எடுத்த சிலருக்குச் சனிக்கிழமை தோறும் வேலை, மிச்சப் பேருக்கு ஆண்டில் இரண்டோ மூன்றோ. அதற்குள்ளே ஆண்டுப் பதிவுக் கட்டணம், பொதுப் பொறுப்புக் காப்புறுதி, ஒலிபெருக்கி, இணையத்தளம், பெட்ரோல் எல்லாம் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, இந்தத் துறையில் நிலைத்தவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக ஆசிரியர், தாதி, வானொலி அறிவிப்பாளர் என்று வேறொன்றும் செய்துகொண்டிருந்தவர்கள்தான்.

இப்போது இறப்புகளைப் பாருங்கள். அதே 2023இல் அவை சுமார் 1,83,000, திருமணங்களைவிட மிக அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை எண்பதை நெருங்குவதால் இந்த எண் இனிக் கூடத்தான் செய்யும். தேவாலயத்தோடு தொடர்பு விட்டுப்போன குடும்பங்களுக்கு இறுதிச் சடங்கை நடத்தித் தர ஓர் ஆள் வேண்டும். திருமணம் நடத்தத்தான் அரசாங்கப் பதிவு தேவை. இறுதிச் சடங்கு, பெயர்சூட்டு விழா போன்றவற்றுக்குச் சட்டப்படி எந்த அனுமதியும் தேவையில்லை. ஆகவே போட்டி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வேலை பெரும்பாலும் இறுதிச் சடங்கு நிறுவனங்கள் மூலம்தான் வரும், அவர்கள் நம்பிக்கையைப் பெற நாளாகும். ஊதியமும் கலியாணத்தைவிடக் குறைவு. திருமணத்துக்கு ஆறு மாதம், ஒரு வருடம் அவகாசம் இருக்கும். இங்கே திங்கள் மாலை தொலைபேசி வரும், வியாழன் காலை சடங்கு. இடையில் அழுதுகொண்டிருக்கும் ஒரு குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எழுபது எண்பது வருட வாழ்க்கையைப் பதினைந்து நிமிடப் பேச்சாக எழுதி முடிக்க வேண்டும். சடங்கே வேண்டாம், நேரே தகனம் செய்துவிடுங்கள் என்கிற குடும்பங்களும் பெருகுகின்றன, அது செலிபிரன்ட்டின் வருமானத்தைக் கடிக்கும். இருந்தும் அடுத்த இருபது ஆண்டுகளில் வேலை எங்கே இருக்கும் என்று கேட்டால் நான் கைகாட்டுவது இந்தப் பக்கம்தான். முதியோர் பராமரிப்பில் இருக்கும் உங்கள் மகள் இதற்குப் பாதித் தயார். சாவை அருகில் இருந்து பார்த்தவள், பிள்ளைகள் ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்லும் கதையைப் பொறுமையாகக் கேட்டுப் பழகியவள். கலியாணப் படங்களைப் பார்த்து இந்தத் துறைக்கு வருகிற பலருக்கு அது கிடையாது.

மேடையில் நன்றாகப் பேசுவாள், பாடசாலையில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கினாள் என்று எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சிதான், ஆனால் இந்த வேலையில் பேச்சு கடைசி அரை மணி நேரம் மட்டுமே. அதற்கு முன்னால் இருக்கிற வேலையில் பாதி சட்டம், பாதி எழுத்து.

சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சியில் பலர் சலிப்படைவது இங்கேதான், பின்னால் மாட்டிக்கொள்வதும் இங்கேதான். 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, திருமண நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பும், அதிகபட்சம் பதினெட்டு மாதம் முன்பும், மணமக்களின் அறிவித்தல் படிவம் செலிபிரன்டின் கையில் இருக்க வேண்டும். துறையில் அதை ‘நோயிம்’ (NOIM, Notice of Intended Marriage என்பதன் சுருக்கம்) என்பார்கள். பிறந்த இடமும் திகதியும், ஆளடையாளமும், முந்தைய திருமணம் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான சான்றும் பார்க்க வேண்டும். சடங்கில் அவளே சொல்லியாக வேண்டிய சட்ட வாசகம் உண்டு, மணமக்கள் சொல்லியாக வேண்டிய உறுதிமொழியும் உண்டு, பதினெட்டு வயது நிரம்பிய சாட்சிகள் இருவர் வேண்டும். முடிந்து பதினான்கு நாட்களுக்குள் மாநிலப் பதிவகத்துக்கு ஆவணங்கள் போய்ச் சேர வேண்டும். 2024 ஜூனில் இருந்து நோயிமுக்கான கையொப்பத்தைக் காணொளி மூலமும் சாட்சி பார்க்கலாம். கூடவே இன்னொரு விதியும் வந்தது: திருமணத்துக்கு முன் மணமகனையும் மணமகளையும் தனித்தனியாக, நேரில் சந்தித்துப் பேச வேண்டும்.

இந்தக் கடைசி விதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன். கட்டாயத் திருமணம் இங்கே 2013 முதல் குற்றம். மண்டபம் நிறைய ஆட்கள், வாசலில் நாதஸ்வரம், உள்ளறையில் மணப்பெண்ணோடு தனியாக ஐந்து நிமிடம். அவள் முகத்தில் இருப்பது கலியாணப் பதற்றமா, பயமா? அதைப் பிரித்துப் பார்த்து, தேவைப்பட்டால் அத்தனை பேருக்கு முன்னால் திருமணத்தை நிறுத்துகிற துணிச்சல் வேண்டும். இனிவரும் பயிற்சிகளில் கூட வேண்டியது மலர் வளைவுகளைப் பற்றிய பாடமல்ல, இதுதான்.

எங்கள் சமூகத்துக்குள் வேலை செய்தால் ஆவணச் சிக்கல் இன்னொரு வடிவில் வரும். தகப்பன் பெயர் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், பிறப்புச் சான்றிதழில் எழுத்துக்கூட்டல் வேறாக இருக்கும். அதைவிடக் கனமானது, இலங்கை யுத்தத்தில் கணவன் காணாமல் போய், மரணச் சான்றிதழ் இல்லாமல் மறுமணம் செய்ய வருகிற பெண். பரிதாபத்தில் ‘பார்த்துக்கொள்ளலாம் அக்கா’ என்று சொல்லிவிடக் கூடாது. சான்று இல்லாமல் செலிபிரன்ட் நடத்தி வைக்க முடியாது. அதைப் பக்குவமாகச் சொல்லி, நல்ல வழக்கறிஞரிடம் அனுப்பத் தெரிய வேண்டும்.

தமிழ் அவளுக்குப் பெரிய பலம். இறுதிச் சடங்குகளில் நான் கவனிப்பது இது: தகனச்சாலை மண்டபம் கிடைப்பதே ஒரு மணி நேரம் அளவுக்கு, அதற்குள் ஐயர் கிரியை, சுண்ணம் இடிக்கும் சடங்கு, தேவாரம், பேரப்பிள்ளைகளின் ஆங்கில அஞ்சலி, அலுவலக நண்பர்களின் பேச்சு எல்லாம் முடிய வேண்டும். இரண்டு மொழியிலும் நெறிப்படுத்தி, ‘இப்போது நடப்பது என்ன’ என்று வெள்ளைக்கார நண்பர்களுக்கும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் இரண்டு வரியில் விளக்குகிற ஆள் அரிது. ஐயரின் இடத்தை அவள் பிடிக்கப் போகிறாள் என்ற உங்கள் அச்சம் தேவையில்லை, ஐயருக்கே இது உதவி. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் செத்தவீட்டுக்குப் பத்துப் பேர், கலியாணத்துக்கு ஐந்து பேர் என்று கட்டுப்பாடு வந்த நாளில் இருந்து கமராவும் சடங்கின் பகுதியாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் டொரொண்டோவிலும் இருந்து பார்க்கிறவர்களையும் சேர்த்துப் பேசப் பழக வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு இந்த வேலையை விழுங்கிவிடாதா என்றும் கேட்டிருந்தீர்கள். திருமணத்தை நடத்தி வைக்கும் சட்ட அதிகாரம் மனிதருக்குத்தான், அவர் அந்த இடத்தில் நேரில் நிற்கவும் வேண்டும். எழுதுகிற பகுதியில்தான் ஆபத்து. சாட்ஜிபிடியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் அழகான அஞ்சலி உரை வரும், அதே உரை பெயரை மட்டும் மாற்றி அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். குடும்பம் காசு கொடுப்பது, அப்பா ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி வாங்க மூன்று கடை ஏறி இறங்குவார் என்ற அந்த ஒரு வரிக்காக. அது அவள் போய் உட்கார்ந்து கேட்டால்தான் கிடைக்கும். இறந்தவரின் குடும்ப விவரங்களை இலவசச் செயலிகளில் போடக் கூடாது என்பதும் இன்று ஒரு தொழில் ஒழுக்கம்.

பயிற்சிக்கு வருவோம். பதிவுக்குப் பெரும்பாலோர் போகும் வழி ‘சர்டிபிகேட் ஃபோர் இன் செலிபிரன்சி’ (Certificate IV in Celebrancy) என்ற தொழிற்கல்விச் சான்றிதழ். வேகமாக முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்கிற நிறுவனங்கள் உண்டு. அந்த வேகத்தைப் பார்த்துச் சேர வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமா என்று அரசின் தேசியப் பதிவேட்டில் பாருங்கள். திருமணத்துக்குரிய பாடப்பகுதிகள் தெரிவில் உள்ளனவா என்று எழுத்தில் கேளுங்கள், அவை இல்லாமல் சான்றிதழ் மட்டும் வைத்துக்கொண்டு திருமணப் பதிவு எடுக்க முடியாது. இறுதிச் சடங்குப் பாடத்தையும் அவள் விருப்பப் பாடமாக எடுக்கட்டும். பயிற்றுநர் இப்போதும் சடங்கு நடத்துகிறவரா, மாணவர் பேசுவதைப் பார்த்துத் திருத்துகிறாரா என்றும் விசாரியுங்கள். படிப்பு முடிந்த பிறகு சட்டமா அதிபர் திணைக்களத்தில் விண்ணப்பம். அங்கே திருமணச் சட்டக் கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும், தகுந்த ஆள்தானா என்று நடத்தையையும் பார்ப்பார்கள். பதிவு கிடைத்த பின்னும் ஆண்டுதோறும் தொழில்சார் பயிற்சி கட்டாயம்.

படிப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் அவள் இரண்டு காரியம் செய்யட்டும். தன் வேலை இடத்தில் உள்ள முதியவர் ஒருவரிடம் அனுமதி வாங்கி, அவருடைய வாழ்க்கையைக் கேட்டு, பத்து நிமிட உரையாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டட்டும். உங்கள் பகுதியில் இறுதிச் சடங்கு நடத்தும் செலிபிரன்ட் ஒருவரிடம் பேசி, சம்பந்தப்பட்ட குடும்பம் சம்மதித்தால் ஓரிரண்டு சடங்குகளில் பின்வரிசையில் நின்று பார்க்கட்டும். இவற்றுக்குப் பிறகும் சேர வேண்டும் என்றால் சேர்த்துவிடுங்கள். முதியோர் நிலையத்தில் வார நாட்களை நான்காகக் குறைக்கக் கேட்கலாம், வேலையை விட்டுவிட வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு முடிவில் வரவு செலவைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யலாம்.

கடைசியாக நீங்கள் கேட்ட கேள்வி: ‘செத்தவீடு நடத்துகிற பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்குமா?’ அதற்கு நான் ஆலோசகன் அல்ல ஐயா. ஆனால் அந்தக் கேள்வியை அவளிடம் நேரே கேளுங்கள், உங்கள் மனைவியை விட்டுக் கேட்க வைக்காதீர்கள்.