இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இன்னும் விரல் விட்டுத்தான் கணக்குப் போடுகிறாள். கூட்டல், கழித்தலை வேகமாகச் செய்ய எப்படிப் பழக்குவது?

விரல் விடாதே என்று அதட்ட வேண்டாம். எப்படி விரல் விடுகிறாள் என்று முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நான் மும்பை தாராவியில் மாலை ட்யூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள்தான். 8+7 கொடுத்தால் சிலர் ஒன்றிலிருந்து ஆரம்பித்து எட்டு விரலை நீட்டுவார்கள், அப்புறம் ஏழுக்கு விரல் போதாமல் திண்டாடுவார்கள். வேறு சிலர் ‘மனசுல எட்டு, கையில ஏழு’ என்று வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே போவார்கள். உங்கள் மகள் முதல் வகை என்றால் இந்த இரண்டாவது வழிக்குக் கொண்டுவாருங்கள். 2+9 என்று எழுதியிருந்தாலும் ஒன்பதுதான் மனதில் இருக்க வேண்டும். இது பிடிபட்டாலே பாதி நேரம் மிச்சம்.

அடுத்தது பத்தின் ஜோடிகள்: 9-க்கு 1, 8-க்கு 2, 7-க்கு 3, 6-க்கு 4, 5-க்கு 5. நான் அதிக நாள் செலவிடுவது இங்கேதான், அவசரப்படவே மாட்டேன். பத்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு சிலவற்றைக் கைக்குள் மூடிக்கொள்வேன். தரையில் கிடப்பதைப் பார்த்து, மூடிய கைக்குள் எத்தனை என்று சொல்ல வேண்டும். யோசிக்காமல் பதில் வரும்வரை இதே விளையாட்டுதான். வந்துவிட்டால் 8+7 எளிது: எட்டு பத்தாக இரண்டு வேண்டும், அதை ஏழிலிருந்து எடுத்தால் ஐந்து மிச்சம், ஆகப் பதினைந்து. ‘ஏழும் ஏழும் பதினாலு, இன்னும் ஒண்ணு’ என்று சொல்லும் பிள்ளையும் சரிதான். எப்படி வந்தது என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். பதிலை மட்டும் கேட்டால் பிள்ளை ஊகிக்கப் பழகிவிடும்.

பத்து வசமானால் பெரிய எண்களும் வழிக்கு வரும். 46+29 என்றால் 30 கூட்டி 76, ஒன்றைக் குறைத்தால் 75.

கழித்தல்தான் நிஜமான சிக்கல். கிராமப்புறப் பிள்ளைகளிடம் எடுக்கப்படும் அசர் ஆய்வின் 2024 அறிக்கைப்படி, மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்தவர்கள் 33.7 சதவீதம்தான். இங்கே நகரத்திலும் 52-48-க்கு 16 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். 8-ல் 2 போனால் 6, 5-ல் 4 போனால் 1. ஒவ்வொரு பத்தியிலும் பெரியதிலிருந்து சிறியதை எடுத்துவிடுகிறார்கள். 52, 48 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பது கண்ணில் படுவதே இல்லை.

அவர்களை எங்கள் தெரு மளிகைக் கடையைக் கவனிக்கச் சொல்வேன். 63 ரூபாய்க்குச் சாமான் வாங்கிவிட்டு நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் கடைக்காரர் கழித்துப் பார்ப்பதில்லை. இரண்டு ரூபாய் வைத்து 65 என்பார், ஐந்து வைத்து 70, மூன்று பத்து ரூபாய் வைத்து நூறு. கையில் வந்தது 37. அதேபோல 48-லிருந்து 50-க்கு இரண்டு, 52-க்கு இன்னும் இரண்டு, விடை 4. ஆனால் 52-3 என்றால் மேலே ஏறுவது வீண் வேலை. 51, 50, 49 என்று இறங்குவதே சுலபம். எதற்கு ஏறுவது, எதற்கு இறங்குவது என்று அவளே முடிவு செய்யட்டும். அந்த முடிவில்தான் வேகம் இருக்கிறது. ஸ்டாப்வாட்ச் வைத்து விரட்டினால் அது வராது, பயம்தான் வரும்.

பிற்பாடு 1000-486 மாதிரி வரும்போது இரண்டிலும் ஒன்றைக் குறைக்கச் சொல்லுங்கள். 999-485, கடன் வாங்கும் தொல்லையே இல்லை, விடை 514.

பள்ளியில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதித்தான் காட்டச் சொல்வார்கள். அதையும் எழுதட்டும், தேவைதான். எழுதுவதற்கு முன் விடை சுமாராக எவ்வளவு வரும் என்று மட்டும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். ‘அஞ்சுக்குள்ள வரும்’ என்று சொன்ன பிள்ளை 16 என்று எழுதினால், நீங்கள் சொல்வதற்கு முன்பே ரப்பரைத் தேடும்.